முற்றுகைக்குள் ஒரு கிரயப் பத்திரம்

கி.மு. 587ஆம் ஆண்டில், பாபிலோனியப் படை எருசலேமின் மதில்களுக்கு எதிரே மண்மேடுகளை எழுப்பிக்கொண்டிருந்த நாட்களில், நகருக்குள் அப்பம் அரிதாகிப் பஞ்சம் தலைகாட்டியிருந்த வேளையில், அரண்மனையைச் சேர்ந்த காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த ஒரு கைதி, எதிரியின் படை நடமாடும் வெளியில் கிடந்த ஒரு வயலை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து விலைக்கு வாங்கினார். அந்தக் கைதியின் பெயர் எரேமியா. அந்நகரம் விழும், அரசன் பிடிபடுவான், ஆலயம் பாழாகும் என்று ஏறத்தாழ 40 ஆண்டுகளாகத் தெருவிலும் ஆலய வாசலிலும் சொல்லிச் சொல்லி, தேசத்துரோகி என்ற பட்டத்தையும் அடியையும் சிறையையும் சம்பாதித்துக்கொண்டவர் அவர். நகரம் தப்பாது என்பதில் அவரைவிட நிச்சயமாக இருந்தவர் அங்கே எவருமில்லை. வாங்கிய வயலுக்கு அன்றைக்கு மதிப்பு ஏதுமில்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவரும் எவருமில்லை. அப்படிப்பட்ட ஒருவர் நிலம் வாங்கினார் என்பதே, எபிரேய வேதத்தின் தீர்க்கதரிசிகள் நம்பிக்கை என்பதை எந்தப் பொருளில் கொண்டார்கள் என்ற வினாவுக்கு, அவர்களுடைய மகத்தான தரிசனங்கள் அனைத்தையும்விடத் தெளிவான விடையைத் தருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எரேமியாவின் புத்தகத்தில் 32ஆம் அதிகாரமாக அமைந்திருக்கும் இந்நிகழ்ச்சி சொல்லப்பட்டிருக்கும் தோரணையே கவனிக்கத்தக்கது. அதில் இடியுமில்லை, மின்னலுமில்லை. பத்திர எழுத்தர் ஒருவருக்குரிய வறண்ட நுட்பம்தான் இருக்கிறது. நாணயம் அடிக்கும் வழக்கம் யூதேயாவில் அக்காலத்தில் ஏற்பட்டிருக்கவில்லையாதலால், வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. ஒரு சேக்கலை ஏறத்தாழ 11 கிராம் என்று கொண்டால் மொத்த விலை 200 கிராம் வெள்ளிக்கும் குறைவுதான். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். பத்திரத்தின் ஒரு படி முத்திரையிடப்படுகிறது, மற்றொன்று திறந்து வைக்கப்படுகிறது. எரேமியாவின் எழுத்தரான பாரூக்கு என்பவர் இரண்டையும் பெற்றுக்கொண்டு, நெடுங்காலம் கெடாமலிருக்கும்படி ஒரு மண்பாண்டத்துக்குள் வைக்கிறார். ஒரே பத்திரத்தை இருமுறை எழுதி, ஒரு படியைச் சுருட்டிக் கட்டி மறைத்து, மற்றொன்றைப் பார்வைக்கு விடுகிற இவ்வழக்கம் அந்நாட்டில் எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் நிலவியது என்பதற்கு, சாக்கடலை அடுத்த குகையொன்றில் யிகாயேல் யாதின் 1961இல் கண்டெடுத்த, பாபத்தா என்னும் பெண்மணியின் பத்திரக் கட்டு சான்றாக இருக்கிறது. முத்திரையிட்ட படி வழக்கு வரும் நாளுக்காக வைக்கப்படுவது; அதாவது, நீதிமன்றமும் நீதிபதியும் சாட்சிகளை விசாரிக்கும் ஒழுங்கும் மறுபடியும் இந்நாட்டில் உண்டாகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுகிற ஒரு பத்திரம் அது.

விற்றவன் அனாமெயேல், எரேமியாவுடைய தந்தையின் சகோதரர் சல்லூமின் மகன். குடும்ப நிலம் வெளியார் கைக்குப் போய்விடாமல் அடுத்த உறவினன் மீட்டுக்கொள்ள வேண்டும் என்ற பழைய நியாயப்பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டுதான் அவன் வந்தான். அவன் தந்திரசாலியா, பசித்தவனா, இரண்டுமேயா என்பதை நூல் சொல்லவில்லை. முற்றுகையின் நடுவே நிலத்தைக் கொடுத்து வெள்ளியை வாங்கிக்கொண்டு போகிறவன் எவனும் ஏமாளியல்லன் என்பதை மட்டும் நாம் ஊகிக்கலாம். நிலம் இருந்த ஊர் ஆனதோத்து; எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், இன்றைக்கும் அனாத்தா என்ற பெயரில் வழங்குகிற கிராமத்தின் பக்கத்தில் இருந்தது. சாலொமோன் அரசன் தனக்கு வேண்டாத ஆசாரியராகிய அபியத்தாரை ஒதுக்கி அனுப்பிய ஊர் அது. எரேமியா பிறந்ததும் அவ்வூர் ஆசாரியக் குடும்பமொன்றில்தான். ஆனால் சொந்த ஊர் என்ற பாசம் மட்டுமே அவரை அந்நிலத்தை வாங்கச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. ஏனெனில், வாயை மூடிக்கொள், இல்லாவிட்டால் எங்கள் கையால் சாவாய் என்று அவரை ஒருகாலத்தில் மிரட்டியவர்கள் அந்த ஆனதோத்து மனிதரேதாம். தம்மைக் கொல்ல நினைத்தவர்களின் ஊரில், தாம் ஒருநாளும் உழப்போவதில்லை என்று அநேகமாக அறிந்திருந்த நிலத்தை அவர் வாங்கினார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது, அவ்வதிகாரத்தில் நிகழ்ச்சிகள் வருகிற வரிசையை. அனாமெயேல் வருவான் என்று ஒரு சொல் தமக்கு முன்னதாகவே வந்ததாக எரேமியா சொல்லுகிறார்; ஆனால் அது கர்த்தருடைய வார்த்தைதான் என்று தாம் தெரிந்துகொண்டது, அவன் மெய்யாகவே முற்றத்துக்குள் வந்து நின்று நிலத்தை வாங்கிக்கொள் என்று கேட்ட பிறகே என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். பெற்ற சொல் தெய்வத்தினுடையதா, தம் மனத்தினுடையதா என்ற ஐயம், 40 ஆண்டுகள் அத்தொழிலில் கழித்தவருக்கும் இருந்தது. பிறகு வாங்கிவிடுகிறார். வாங்கி, பத்திரத்தைப் பாரூக்கின் கையில் ஒப்படைத்த பிற்பாடுதான் ஜெபிக்கத் தொடங்குகிறார்; அந்த ஜெபமோ, வானத்தையும் பூமியையும் படைத்ததையும் எகிப்திலிருந்து முன்னோரை மீட்டதையும் விரிவாகச் சொல்லிவந்து, கடைசியில் தடுக்கி விழுகிறது: மண்மேடுகள் நகரத்தை எட்டிவிட்டன, வாளும் பஞ்சமும் கொள்ளைநோயும் நகரைப் பகைவரிடம் கொடுத்துவிட்டன, நீர் சொன்னபடியே எல்லாம் நடந்துவிட்டது, நீரோ சாட்சிகளை வைத்து நிலத்தை வாங்கு என்கிறீர் என்று, வினாவாகக்கூட முடிக்காமல் நின்றுவிடுகிறார். செயல் முதலில் நடந்தது. விளக்கம் கேட்டது பிறகு. நம்பிக்கை என்ற உணர்ச்சி அவர் உள்ளத்தில் ஊறியதாக அவ்வதிகாரம் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

வருவதைச் சொல்பவர் என்றால் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது பஞ்சாங்கமும் ஜாதகக் கட்டமும் ஆகையால், தீர்க்கதரிசனத்தையும் அவ்வகையிலே அடக்கிப் பார்ப்பது இயல்பு. ஆனால் எபிரேயத் தீர்க்கதரிசிகளுக்கு எதிரே நின்ற பாபிலோனே அக்காலத்தில் நட்சத்திர சாஸ்திரத்தின் தலைமைப் பீடமாக விளங்கியது. கிரகங்களின் போக்கைப் பார்த்தும், பலியிட்ட ஆட்டின் ஈரலைப் புரட்டிப் பார்த்தும் இராஜ்ய காரியங்களை நிர்ணயிக்கும் பண்டிதர்கள் அங்கே அரண்மனைச் சம்பளம் பெற்றார்கள். நேபுகாத்நேச்சார் இரண்டு வழிகள் பிரியும் இடத்தில் நின்று, அம்புகளைக் குலுக்கி, ஈரலைப் பார்த்து, எருசலேமை நோக்கிப் போவதா அம்மோனியரின் ரப்பாவை நோக்கிப் போவதா என்று குறி கேட்கும் காட்சியை எசேக்கியேல் தீர்க்கதரிசி எள்ளல் கலந்து வரைந்து காட்டுகிறார். குறி சொல்பவனுக்கு எதிர்காலம் ஏற்கனவே எழுதி முடிந்த ஓலை. தீர்க்கதரிசிக்கோ அது கேட்பவனுடைய சித்தத்தையும் எதிர்நோக்கி நிற்கிற ஒன்று. குயவன் வீட்டுக்குப் போன எரேமியா, கெட்டுப்போன பாண்டத்தைக் குயவன் அதே மண்ணால் வேறு பாண்டமாக வனைவதைக் கண்டு, அழிவென்று சொல்லப்பட்ட ஜாதியும் மனந்திரும்பினால் அச்சொல் மாறும் என்று கற்றுக்கொள்கிறார். யோனாவின் கதையில் 40 நாளில் கவிழும் என்று சொல்லப்பட்ட நினிவே கவிழாமலே போகிறது. தம் வாக்கு பொய்த்ததற்காகத் தீர்க்கதரிசி கோபித்துக்கொள்ள, அவருடைய கோபத்தை நூல் பரிகசிக்கிறது. தீர்க்கதரிசி முடிவை மனிதனுடைய கையில் விட்டுவைக்கிறார் என்றும், உலக முடிவை அட்டவணையிட்டுக் காட்டுகிற பிற்காலத்து வெளிப்பாட்டு நூல்கள் அதை அவன் கையிலிருந்து எடுத்துவிடுகின்றன என்றும் மார்ட்டின் பூபர் என்ற தத்துவ அறிஞர் பிரித்துக் காட்டியது இந்த வேற்றுமையைத்தான்.

எனினும் இங்கே ஒரு கடினமான முடிச்சு விழுகிறது. மனந்திரும்பினால் அழிவு வராது என்பது விளங்குகிறது. திரும்பாமலே போய், சொன்ன அழிவும் வந்துவிட்டால், பிறகு தீர்க்கதரிசிக்குச் சொல்ல என்ன இருக்கிறது? தண்டனை நியாயமானது என்று அவரே 40 ஆண்டுகள் வாதித்தாயிற்று. நியாயமான தண்டனைக்குப் பின் வருகிற நம்பிக்கைக்கு எதைப் பிரமாணமாகக் காட்டுவது? இந்த வினாவைத் தாண்டிக் குதித்துவிட்டு எழுதப்படும் பக்திக் கட்டுரைகள் எத்தனையோ உண்டு. எரேமியாவால் தாண்டிக் குதிக்க முடியவில்லை. ஏனெனில், தாண்டிக் குதித்தவர்களோடு அவர் நேருக்கு நேர் நிற்க வேண்டியிருந்தது.

அவர்களில் முதன்மையானவன் கிபியோன் ஊரானாகிய அனனியா. கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமை முதல்முறை கைப்பற்றி, பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்து மூன்றே மாதம் ஆண்ட யோயாக்கீன் அரசனையும், பிரபுக்களையும், கொல்லரையும் தச்சரையும் கொண்டுபோய்விட்டார்கள். ஆலயத்தின் பாத்திரங்களும் போயின. அவனுடைய சிறிய தகப்பனான சிதேக்கியாவைச் சிங்காசனத்தில் வைத்துவிட்டுச் சென்றார்கள். சில ஆண்டுகளுக்குப் பின், பாபிலோனின் நுகத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்வதற்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் மர நுகத்தைப் பூட்டிக்கொண்டு திரிந்தபோது, அனனியா ஆலயத்தில் ஜனங்கள் முன்னிலையில், இரண்டே ஆண்டுகளில் பாத்திரங்களும் அரசனும் சிறைப்பட்டவர்களும் திரும்பி வருவார்கள் என்று முழங்கினான். எரேமியா சொன்ன முதல் மறுமொழி, ஆமென் என்பது. அப்படியே ஆகட்டும், கர்த்தர் உன் வார்த்தையை நிறைவேற்றட்டும் என்றார். அதில் பரிகாசம் கலந்திருந்ததாக நான் நினைக்கவில்லை. பிறகு, முற்காலத்துத் தீர்க்கதரிசிகள் யுத்தத்தையும் பஞ்சத்தையும் குறித்தே சொல்லிவந்தார்கள், சமாதானம் சொல்பவன் மெய்யானவனா என்பது அது நடந்த பிறகுதான் தெரியும் என்று மட்டும் சொன்னார். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தபோது, பேசாமல் தம் வழியே போய்விட்டார். இரும்பு நுகம் என்ற கடுஞ்சொல் அவருக்கு வந்தது பிற்பாடுதான்.

அனனியாவைப் பொய்யன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. எரேமியாவின் புத்தகமும் அப்படித்தான் தள்ளுகிறது. ஆனால் அவன் எங்கிருந்து பேசினான் என்பதைச் சற்று அனுதாபத்தோடு பார்க்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 701இல், அசீரிய அரசன் சனகெரிப் யூதேயாவின் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்துவிட்டு எருசலேமையும் வளைத்துக்கொண்டபோது, நகரம் விழாது என்று ஏசாயா துணிந்து சொன்னார், நகரம் விழவில்லை. அன்றைக்கு அது சத்தியமான சொல். அந்தச் சொல்லையே அடுத்த தலைமுறைகள் அழியாத சித்தாந்தமாக்கி, ஆலயம் இருக்கும்வரை நமக்குக் கேடில்லை என்ற கவசமாக அணிந்துகொண்டன. அனனியா ஏசாயாவின் மாணாக்கனாகத்தான் தன்னை நினைத்திருக்கக்கூடும். ஒரு தலைமுறைக்கு விசுவாசமாக இருந்தது மற்றொரு தலைமுறைக்குச் சோம்பலாகவும் அகம்பாவமாகவும் ஆகிவிடும் என்பதை எரேமியா மட்டுமே கண்டார். ஆலய வாசலில் நின்று, ஒருகாலத்தில் இதேபோலப் புனிதமாக இருந்து பாழாய்ப்போன சீலோவைப் போய்ப் பாருங்கள் என்று அவர் சொன்னபோது, அவரைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

பாபிலோனுக்குப் போனவர்களுக்கு அவர் எழுதியனுப்பிய கடிதமும் இதே காலத்தது. அதன் ஒரு வசனம், சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய வசனம், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களின் சுவர்களிலும், புத்தாண்டு ஆராதனையில் கையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் இடம்பெற்று, வேதத்தைத் திறந்தறியாதவர்களுக்கும் பழக்கமானது. அட்டையில் இல்லாதது, அதற்கு முந்தைய வசனத்திலுள்ள 70 என்ற எண். அனனியா இரண்டு ஆண்டு என்றான். எரேமியா எழுபது என்றார். எழுபது என்பதற்குக் கணக்கில் எவ்வளவு நெகிழ்ச்சி கொடுத்தாலும், அக்கடிதத்தை வாசிக்கக் கேட்ட வயது வந்தவர்கள் அனைவரும் அந்நிய மண்ணிலேயே சாவார்கள் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். வீடு கட்டிக்கொள்ளுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் நலத்துக்காக ஜெபியுங்கள் என்று அவர் சொன்ன புத்திமதி, பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சலை மூட்டியதில் வியப்பில்லை. அவரைத் தொழுவில் மாட்டி வைக்க வேண்டும் என்று பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு எதிர்க்கடிதம் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. யூதாவின் அரசனுக்கும் அவனுடைய ஐந்து மக்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு, பாபிலோன் அரண்மனையின் களிமண் பலகைகளில் இருந்ததை 1939இல் வைட்னர் என்ற ஆய்வாளர் படித்து வெளியிட்டார். அனனியாவின் இரண்டு ஆண்டு கடந்தும் யோயாக்கீன் அங்கேயே படி வாங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு முற்றுகை வந்தது. எகிப்தியப் படை உதவிக்குப் புறப்பட்டதென்று கேட்டுப் பாபிலோனியர் சிறிது காலம் விலகியபோது, பென்யமீன் நாட்டில் தமக்குரிய பங்கைப் பற்றிய காரியமாக எரேமியா நகரைவிட்டுப் புறப்பட்டார். எதிரியிடம் ஓடிப்போகிறாய் என்று வாசலில் பிடித்துக்கொண்டார்கள். அவர் சிறைப்பட்டதும் நிலத்தின் பேரில்தான், சிறையிலிருந்து வாங்கியதும் நிலத்தைத்தான். எருசலேமைத் தவிர லாகீசும் அசெக்காவும் மட்டுமே அப்போது அரணான பட்டணங்களாக எஞ்சியிருந்தன என்று அவருடைய புத்தகம் சொல்லுகிறது. 1935இல் ஸ்டார்க்கி என்பவர் லாகீசின் வாசல் இடிபாட்டில் கண்டெடுத்த, மையால் எழுதிய ஓட்டுச் சில்லுக் கடிதங்களில் ஒன்றில், லாகீசின் தீ அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவின் தீ தெரியவில்லை என்று ஒரு சிறு காவல் அதிகாரி தன் மேலதிகாரிக்கு அறிவித்திருக்கிறார். இந்தச் சில்லையும் எரேமியாவின் வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவனுக்கு, நிலம் வாங்கிய செய்தி ஒரு நீதிக்கதையாகத் தோன்றுவதற்கு வழியே இல்லை.

இதே காலத்தில், பாபிலோனில், கேபார் கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில் எசேக்கியேல் இருந்தார். கி.மு. 597இல் கொண்டுபோகப்பட்ட ஆசாரியர். அவருடைய புத்தகத்தின் அமைப்பே ஒரு வாதம். எருசலேம் நின்றுகொண்டிருக்கும்வரை அவர் வாயிலிருந்து ஏறத்தாழ ஆறுதலே வருவதில்லை. நகரம் பிடிபட்டது என்று தப்பிவந்த ஒருவன் வந்து சொன்ன செய்தி 33ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்குப் பிறகுதான் நல்ல மேய்ப்பனும், புதிய இருதயமும், உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கும் வருகின்றன. நம்பிக்கை கொடுக்க வேண்டிய வேளையில் அச்சமும், அச்சமூட்ட வேண்டிய வேளையில் நம்பிக்கையும் கொடுத்துப் பழகிய சமயத் தலைவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எசேக்கியேல் அதை நேர்மாறாகச் செய்தார். பள்ளத்தாக்கில் அவரைப் பார்த்து, இந்த எலும்புகள் உயிரடையுமா என்று கேட்கப்படும்போது, ஆம் என்றும் அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது தேவரீருக்குத் தெரியும் என்று நிறுத்திக்கொள்கிறார்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று வழிவழியாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, தீர்க்கதரிசிகளின் நியாயத்தீர்ப்பில் புதுமை ஏதுமில்லை. அதை அவர்களும் ஓர் அணுவும் தளர்த்தவில்லை. சிறையிருப்பில் ஒரு பழமொழி வழங்கிற்று: பிதாக்கள் புளித்த திராட்சையைத் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று. முன்னோர் வினையைச் சுமக்கிறோம், நம் கையில் ஒன்றுமில்லை என்ற சலிப்பு அது. எசேக்கியேலும் எரேமியாவும் இருவருமே அப்பழமொழியை இனி வழங்கக்கூடாது என்று தடுத்தார்கள். அவனவன் செய்கைக்கு அவனவன் என்று எசேக்கியேல் சொல்லும்போது, அது கேட்பதற்குக் கடுமையாக இருந்தாலும், பரம்பரைச் சுமையை இறக்கிவைத்து ஒரு தலைமுறையைத் தன் காலில் நிற்கச் செய்கிற சொல். ஆனால் எரேமியா அங்கேயும் நிற்கவில்லை. அடுத்தாற்போலவே, கற்பலகையில் எழுதாமல் உள்ளத்திலே எழுதப்படும் புதிய உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறார். அதில், முந்தினதைப்போல, நீங்கள் இன்னது செய்தால் என்ற நிபந்தனை காணப்படவில்லை. அக்கிரமத்தை மன்னித்து, பாவத்தை இனி நினையாமலிருப்பேன் என்பதே அதன் அடிப்படை. நான் மேலே சொன்ன முடிச்சு இங்கே அவிழ்கிறதா என்றால், தர்க்கத்தில் அவிழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தண்டனைக்குக் காரணம் காட்டியவர் மன்னிப்புக்குக் காரணம் காட்டவில்லை. யுகம் முடிந்தால் மற்றொரு யுகம் தானே தொடங்கும் என்ற உறுதியும் அங்கே இல்லை. புதிய தொடக்கம் ஒருவருடைய சித்தத்தினால் வருகிறது, வராமலும் போயிருக்கலாம். அதனால்தான் அது நன்றிக்குரியதாகிறது என்று எபிரேயர் கொண்டார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். ஏசாயாவின் புத்தகத்தில் 40ஆம் அதிகாரம் முதல் பேசுகிறவர் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் ஏசாயா அல்லர் என்றும், சிறையிருப்பின் இறுதியில் வாழ்ந்த பெயர் தெரியாத மற்றொருவர் என்றும் பலர் கொள்ளுகிறார்கள். 1892இல் வெளிவந்த பெர்ன்ஹார்ட் டூமின் உரைக்குப் பிறகு அக்கருத்து வலுப்பெற்றது. ஆமோசின் கடுமையான புத்தகத்தின் கடைசியிலுள்ள இனிய வரிகள் பிற்காலத்துச் சேர்க்கை என்றும் பலர் சொல்லுகிறார்கள். இருக்கலாம். ஆனால் சேர்த்தவர்கள் எதை நீக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தங்கள் பாட்டன்மாரை விபசாரிகள் என்றும் கள்ளர் குகையில் இருப்பவர்கள் என்றும் திட்டுகிற அதிகாரங்களை நீக்காமல் படியெடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் அருகே ஆறுதலை எழுதினார்கள். இடித்துரைத்தவனின் நூலை எரித்த அரசனையும் அவர்கள் மறைக்கவில்லை. யோயாக்கீம் அரசன் குளிர்காய்ந்துகொண்டே எரேமியாவின் சுருளைச் சூரிக்கத்தியால் துண்டு துண்டாக அறுத்து நெருப்பில் போட்டதும், பாரூக்கு அதை மறுபடியும் எழுதியதும், எழுதும்போது முன்னிலும் அதிகமான வார்த்தைகள் சேர்ந்ததும் 36ஆம் அதிகாரத்தில் பதிவாகியிருக்கின்றன. சேர்க்கை என்பது இவர்களிடையே ஒரு களங்கமாகவே கருதப்படவில்லை.

அந்தப் பெயர் தெரியாத ஏசாயா, பாரசீக அரசனாகிய கோரேசைக் கர்த்தருடைய அபிஷேகம் பெற்றவன் என்று அழைத்தார். யூதனல்லாத, கர்த்தரை அறியாத ஓர் அரசனுக்கு அப்பட்டத்தைக் கொடுப்பது சாமானிய துணிவல்ல. கி.மு. 539இல் கோரேசின் படை பாபிலோனுக்குள் புகுந்தது. 1879இல் பாபிலோனில் அகழ்ந்தெடுக்கப்பட்டு இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அவருடைய களிமண் உருளை, அவ்வெற்றியைப் பாபிலோனின் மர்தூக் தேவனுக்கு உரியதாகச் சொல்லுகிறது. எருசலேமைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஒரே நிகழ்ச்சியை வென்றவன் ஒருவிதமாகவும், விடுதலைபெற்ற சிறு கூட்டம் மற்றொரு விதமாகவும் படித்தன. நெடுங்காலம் நின்று உலகத்தை மாற்றியது சிறு கூட்டத்தின் படிப்புத்தான்.

திரும்பி வந்ததென்னவோ, தரிசனங்களின் அளவுக்கு இல்லை. மலைகள் கெம்பீரமாய்ப் பாடவுமில்லை, வனாந்தரம் தோட்டமாகவுமில்லை. பலர் வரவேயில்லை, எரேமியாவின் புத்திமதியை அவர்கள் நன்றாகவே பின்பற்றிப் பாபிலோனியாவில் நிலமும் தொழிலும் உடையவர்களாகிவிட்டார்கள் என்பதை அங்கே கிடைத்த கடன் பத்திரங்களும் வரி ரசீதுகளும் காட்டுகின்றன. வந்தவர்கள் கண்டது வறட்சி; கி.மு. 520இல் ஆகாய் தீர்க்கதரிசி எழுந்து, கூலி வாங்குபவன் பொத்தலான பையில் போடுகிறான் என்று அவர்களுடைய நிலைமையைச் சொல்லி, பாழாய்க் கிடக்கும் ஆலயத்தைக் கட்டும்படி தூண்ட வேண்டியிருந்தது. அஸ்திபாரம் போட்ட நாளில் பலர் ஆர்ப்பரித்ததும், பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் உரத்த சத்தமாய் அழுததும் ஒன்றோடொன்று கலந்து, எது எதுவென்று பிரித்தறிய முடியாமல் போயிற்று என்று எஸ்றாவின் புத்தகம் எழுதிவைத்திருக்கிறது. நிறைவேறிய வாக்கு ஒன்றைப் பற்றி இவ்வளவு நேர்மையான சாட்சியத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

எரேமியா இவற்றில் எதையும் காணவில்லை. நகரம் விழுந்தபின் பாபிலோனியர் அவரை விடுவித்தார்கள். மிஸ்பாவில் ஆளுநராக வைக்கப்பட்ட கெதலியா கொல்லப்பட்டதும், பயந்து ஓடிய கூட்டம் அவரை அவர் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோயிற்று. அங்கேதான் அவர் குரல் கடைசியாகக் கேட்கிறது. வயலைப் பற்றியும் மண்பாண்டத்தைப் பற்றியும் பிறகு ஒரு வார்த்தையுமில்லை. ஆனால் பாபிலோனிலிருந்து முதலில் திரும்பியவர்களின் பட்டியல், ஊர்வாரியாக, எஸ்றாவின் புத்தகத்திலும் நெகேமியாவின் புத்தகத்திலும் இருக்கிறது. வேறு சில ஊர்களுக்கு இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு எண் கொடுக்கின்றன. ஆனதோத்தூரார் இரண்டிலும் 128 பேர்.

வாக்குத்தத்த அட்டையில் எரேமியாவின் 29ஆம் அதிகாரத்து வசனத்தைப் பெற்ற வாசகர்கள், அதை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஒரு வசனத்தோடு நிற்காமல், அனனியா நுகத்தை உடைக்கும் 28ஆம் அதிகாரத்தில் தொடங்கி, நிலம் வாங்கும் 32ஆம் அதிகாரம்வரை ஒரே அமர்வில் படித்துப் பார்க்க வேண்டும். அதன்பின் ஆகாயின் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அது இரண்டே அதிகாரம்.